349 ரூபாய் ஆக்சிமீட்டருக்குப் பின்னால் ஒரு வரலாறு

எடப்புளி நாட்டுத் தம்பி ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். பண்டிகைக்கால ஆஃபர். மேலே கோடு போட்டு அடித்த விலை 1,999. கீழே பெரிய எழுத்தில் 349. "சார், அம்மாவுக்கு வீசிங் இருக்கு. இந்த ஆக்சிமீட்டர் வாங்கலாமா? இல்ல இன்னும் ஆயிரம் போட்டா ஆக்சிஜன் பாக்குற வாட்ச்சே வருது, அதை வாங்கிடவா?"

வாட்ச் வேண்டாம். ஆக்சிமீட்டர் வாங்கலாம், ஆனால் பெட்டியில் ஒரு விஷயம் பார்த்துட்டு வாங்கணும். பதில் அவ்வளவுதான். ஆனா ஏன்னு கேட்டா 80 வருஷக் கதை சொல்லணும். அந்தக் கதையில் நம்ம தோல் நிறமும் வருது, அதனால சொல்லியே ஆகணும். நீளமான இழை, டீயோட உட்காருங்க.

முதல்ல இந்தக் கருவி எதுக்காக வந்துச்சுன்னு பார்ப்போம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைஞ்சா உதடும் நாக்கும் நீலம் பாரிக்கும்னு மருத்துவத்தில் காலங்காலமா சொல்லிக்கொடுத்தாங்க. மயக்க மருந்து கொடுக்குற டாக்டர் நோயாளியோட முகத்தையும் நகத்தையும் பார்த்துக்கிட்டே இருப்பார். 1947-ல் அமெரிக்காவில் ஜூலியஸ் காம்ரோ என்பவர் இதை ஒழுங்கா சோதிச்சுப் பார்த்தார். பல பேரை நிறுத்தி வச்சு, எப்போ நீலம் தெரியுதுன்னு சொல்லச் சொன்னார். ஆக்சிஜன் அளவு 80 சதவீதம் வரை இறங்குற வரைக்கும் பெரும்பாலானோர் கண்ணுக்கு ஒண்ணும் உறுதியா தெரியலை. 80 என்பது வீட்டில் வச்சுப் பார்க்குற எண்ணே இல்லை. அந்த நேரத்தில் நோயாளி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோட இருக்கணும். அதுவும் கறுத்த தோலில் நீலத்தைக் கண்டுபிடிக்கிறது இன்னும் கஷ்டம். கண்ணை நம்ப முடியாது, அதனால ஒரு கருவி வேணும் என்பதுதான் ஆரம்பம்.

அந்தக் கருவியோட முதல் வாடிக்கையாளர் நோயாளி இல்லை, போர் விமானி. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மேல மேல பறந்தப்போ, ஆக்சிஜன் குறைஞ்சு விமானிகள் நினைவிழக்கிறது பெரிய பிரச்சினையா இருந்தது. கிளென் மில்லிகன் என்ற அமெரிக்கர் 1940-களின் தொடக்கத்தில் காதில் மாட்டுற ஒரு கருவி செய்தார். காது மடலுக்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை அளக்குற செல். 'ஆக்சிமீட்டர்' என்ற பேரு வச்சதும் அவர்தான். 1947-ல் மலையேறும்போது விபத்தில் இறந்துபோனார்.

1976-ல் ஹியூலெட் பேக்கார்டு கம்பெனி இதையே ரொம்ப நேர்த்தியா செஞ்சு விற்றது. எட்டு அலைநீள ஒளி, காதைச் சூடாக்கும் பெரிய கிளிப், பெட்டியும் பெருசு, விலையும் பெருசு. நுரையீரல் ஆய்வுக்கூடத்தில் வச்சுக்கலாம், வார்டில் கட்டிலுக்குக் கட்டில் வைக்க முடியாது. இந்தக் கருவிகள் எல்லாத்துக்கும் பொதுவான தலைவலி ஒண்ணு உண்டு. காதுக்குள்ள போற ஒளியைத் தோல், சதை, சிரை ரத்தம், தமனி ரத்தம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் விழுங்கும். நமக்கு வேண்டியது தமனி ரத்தத்தோட கணக்கு மட்டும். அதைத் தனியா எப்படிப் பிரிக்கிறது?

அதைப் பிரிச்சவர் தகுவோ அவோயாகி. 1936-ல் ஜப்பானில் நீகாதா பகுதியில் பிறந்த பொறியாளர். டாக்டர் இல்லை. 1971-ல் நிஹான் கோடன் கம்பெனியில் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த வேலையே வேற. இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு அளக்கணும். ரத்தத்தில் ஒரு சாயத்தை விட்டு, காது வழியா ஒளி பாய்ச்சி, சாயம் எவ்வளவு வேகமா நீர்த்துப்போகுதுன்னு பார்க்குற முறை. ஆனா கோடு நேரா வரமாட்டேங்குது. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அது மேலும் கீழும் குதிக்குது. அவரைப் பொறுத்தவரை அது இரைச்சல், கழிச்சுக்கட்ட வேண்டிய தொந்தரவு.

கழிச்சுக்கட்ட அவர் ரெண்டு நிற ஒளியை எடுத்து, ஒண்ணோட துடிப்பை வச்சு இன்னொண்ணோட துடிப்பை அடிச்சுப் பார்த்தார். அடங்கிடுச்சு. ஆனா மூச்சைப் பிடிச்சு ஆக்சிஜன் குறைஞ்சா மறுபடியும் குதிக்க ஆரம்பிக்குது. இந்த இடத்தில்தான் 1972 கடைசியில் அவருக்குப் பொறி தட்டியது. துடிக்கிறது எது? தமனி ரத்தம் மட்டும்தான். தோல் துடிக்காது, எலும்பு துடிக்காது, நகம் துடிக்காது. அப்போ துடிக்கிற பங்கை மட்டும் எடுத்து, ரெண்டு நிறத்துக்கும் விகிதம் போட்டா தமனி ரத்தத்தோட ஆக்சிஜன் அளவு தனியா வந்துடும். விரட்டப் பார்த்த இரைச்சலுக்குள்ளேயே விடை இருந்திருக்கு.

இன்னைக்கு உங்க கையில் இருக்குற 349 ரூபாய் கிளிப்பும் இதேதான் செய்யுது. மேலே ரெண்டு எல்.இ.டி. ஒண்ணு 660 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்துச் சிவப்பு, இன்னொண்ணு 940 சுற்றுவட்டாரத்து அகச்சிவப்பு, அது கண்ணுக்குத் தெரியாது. கீழே ஒளியை வாங்கும் சென்சார். ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஏறாத ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் விழுங்கும். மீதி எல்லாம் வகுத்தல் கணக்கு.

அவோயாகியும் அவரோட சகாவும் 1974-ல் இதை ஒரு ஜப்பானிய மாநாட்டில் படிச்சாங்க. காப்புரிமைக்கு விண்ணப்பித்தது அதே வருஷம் மார்ச் மாசக் கடைசி. இதே யோசனையோட மினோல்டா, அதாங்க கேமரா கம்பெனி, ஒரு மாசம் கூட ஆகாம வந்து நின்னது! ஜப்பானில் நிஹான் கோடன் முந்திக்கிச்சு. ஆனா 1975-ல் அவங்க கொண்டுவந்த கருவி சரியா விற்கலை. அவோயாகியை வேற வேலைக்கு மாத்திட்டாங்க, திட்டமும் படுத்துடுச்சு. 1977-ல் மினோல்டா விரலில் மாட்டுற மாதிரி ஒண்ணு விட்டது. அதுவும் உலகத்தைப் புரட்டிப்போடலை.

புரட்டினது அமெரிக்கக் கம்பெனிகள். பழைய கருவிகளில் விளக்கு பெட்டிக்குள்ள இருக்கும், கண்ணாடி இழைக் கேபிள் வழியா ஒளி விரலுக்கு வரும். அந்தக் கேபிள் கனமா இருக்கும், உடையும். 1980-களின் தொடக்கத்தில் பயாக்ஸ், நெல்கோர் ரெண்டு கம்பெனியும் எல்.இ.டி.யை நேரா விரல் கிளிப்பிலேயே வச்சுட்டாங்க. கணக்குப் போட மைக்ரோபிராசஸர். நெல்கோரைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் நியூ, ஸ்டான்ஃபோர்டில் மயக்கவியல் டாக்டர். அவங்க கருவியில் ஒரு அருமையான விஷயம், 'பீப்' சத்தத்தோட சுருதி. ஆக்சிஜன் குறையக் குறையச் சத்தம் கட்டையாகும். டாக்டர் திரையைப் பார்க்கவே வேணாம், காதே சொல்லிடும். என்னைக் கேட்டா இந்த மொத்த வரலாற்றிலும் புத்திசாலித்தனமான டிசைன் இதுதான். இப்போ வர்ற வாட்ச் கம்பெனிகள் நூறு கலர் ஸ்கிரீன் கொடுக்குறாங்க, இந்த அளவுக்கு ஒண்ணு யோசிச்சிருக்காங்களான்னு தெரியலை.

1986-ல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் கண்காணிப்பு விதிகளை வெளியிட்டது. சில வருஷங்களிலேயே பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லாம அங்கே ஆபரேஷன் இல்லைன்னு ஆச்சு. 1995-ல் நோனின் என்ற கம்பெனி, திரையும் சென்சாரும் ஒண்ணா, விரல் நுனியில் கவ்வுற குட்டிக் கருவியைக் கொண்டுவந்தது. இப்போ ஆஃபரில் பார்க்குறீங்களே, அந்த உருவம் அப்போ பிறந்ததுதான். ஆனா ஏழை நாடுகளுக்கு வரலை. 2010-ல் வந்த ஒரு மதிப்பீடு, உலகத்தில் சுமார் 77,700 ஆபரேஷன் தியேட்டர்களில் ஆக்சிமீட்டர் இல்லைன்னு சொன்னது. அதுக்கப்புறம்தான் அதுல் கவாண்டே முதலானோர் தொடங்கிய லைஃப்பாக்ஸ், 250 டாலருக்குத் தரமான கருவியை அந்த நாடுகளுக்கு அனுப்ப ஆரம்பிச்சது.

இப்போ 2020-க்கு வருவோம். அந்த ஏப்ரல் 18-ம் தேதி அவோயாகி 84 வயசில் இறந்துபோனார். ரெண்டு நாள் கழிச்சு, ஏப்ரல் 20-ல், ரிச்சர்ட் லெவிடன் என்ற அவசர சிகிச்சை டாக்டர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். கோவிட் நோயாளிகள் மூச்சுத்திணறலே தெரியாம ஆக்சிஜனை இழக்குறாங்க, வீட்டிலேயே விரல் கருவியில் பார்த்தா முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்னு. உலகம் முழுக்கக் கடைகள் காலி. கண்டுபிடிச்சவர் போன வாரத்தில் அவர் கருவி வீட்டுச் சாமான் ஆயிடுச்சு.

நம்ம நாட்டில் 2021 ஏப்ரல், மே எப்படி இருந்ததுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. '94' என்ற எண் பாட்டிகளுக்குக்கூட மனப்பாடம். கடையில் சரக்கு இல்லை, ஆன்லைனில் கேட்டது விலை. போன் கேமராவில் விரல் வச்சா ஆக்சிஜன் சொல்லும்னு போலி ஆப்கள். விரல் ரேகையையும் போன் தகவல்களையும் திருடும் வேலைன்னு சைபர் போலீஸ் எச்சரிச்சாங்க. பேனாவை மாட்டினாலும் எண் காட்டுற ஆக்சிமீட்டர் வீடியோக்கள் சுத்தின. தரமான கருவி 'துடிப்பு சரியா இல்லை'ன்னு கோடு காட்டிட்டு நிக்கும். மட்டமானது எதையாவது ஒரு எண்ணைக் காட்டும். இதில் ஒரு சின்ன ரகசியம்: ரெண்டு நிறத்திலும் ஒரே அளவு ஆட்டம் இருந்தா விகிதம் 1 ஆகும், அதுக்குக் கருவி சொல்ற விடை ஏறக்குறைய 85. கை நடுங்கும்போது, விரல் சில்லிட்டிருக்கும்போது 85, 86-ன்னு காட்டினா பதறாதீங்க. கையைச் சூடா தேய்ச்சு, அஞ்சு நிமிஷம் உட்கார வச்சு மறுபடி பாருங்க. மார்கழிக் காலையில் மலைமேல இது ரொம்ப சகஜம்.

விலைக்கு வருவோம், தம்பி கேட்டது அதைத்தானே. 2021 ஜூன் மாசம் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமா குறைஞ்சது. ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், பி.பி. மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் அஞ்சுக்கும் லாப வரம்பு போட்டது. விநியோகஸ்தருக்குக் கொடுக்குற விலைக்கு மேல 70 சதவீதத்துக்கு மேல் வைக்கக்கூடாதுன்னு சொன்னது. அப்போ அவங்களே வெளியிட்ட கணக்கு: அதுவரை இந்த வித்தியாசம் 3 சதவீதத்திலிருந்து 709 சதவீதம் வரை இருந்திருக்கு.

709-ஐக் கொஞ்சம் யோசிங்க. விநியோகஸ்தருக்கு 100 ரூபாய்க்குப் போற பொருளில் எம்.ஆர்.பி. 809-னு அச்சடிக்கலாம். அதில் '70% தள்ளுபடி' கொடுத்தா 243 ரூபாய். நாம பெரிய லாபம்னு கிளிக் பண்றோம், அவங்களுக்கு இன்னும் 143 மிச்சம். கோடு போட்டு அடிச்ச விலை உண்மையில் யாரும் கொடுத்த விலை இல்லை. அது பக்கத்து எண்ணைச் சின்னதா காட்டுறதுக்காக நிக்கிற எண். சட்டையில, மிக்ஸியில இப்படி ஏமாந்தா காசோட போச்சு. இதில் அப்படி இல்லை.

ஏன் இல்லைன்னா, இந்தக் கருவியில் விலை கொடுத்தும் தீராத பிழை ஒண்ணு இருக்கு.

2020 ஆகஸ்டில் எமி மோரன்-தாமஸ் என்ற எம்.ஐ.டி. மானுடவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். கோவிட் வந்த கணவருக்காக வீட்டுக்கு வாங்கிய ஆக்சிமீட்டரைப் பார்த்து அவருக்கு வந்த சந்தேகம் எளிமையானது. ஒளியைப் பாய்ச்சி அளக்குற கருவி எல்லாத் தோல் நிறத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா? தேடினா, பழைய ஆராய்ச்சிகள் தூங்கிக்கிட்டு இருந்தன. 1990-லேயே ஜுப்ரான், டோபின் ரெண்டு பேரும் வென்டிலேட்டர் நோயாளிகளிடம் பார்த்து எழுதியிருந்தாங்க: வெள்ளையருக்கு 92 காட்டினா போதும், கறுப்பினத்தவருக்கு 95 காட்டினாத்தான் அதே நம்பிக்கை. 30 வருஷம் யாரும் கண்டுக்கலை. அந்தக் கட்டுரையைப் பார்த்த மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவுகளைத் தோண்டினாங்க. டிசம்பர் 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தா உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். மூணு மடங்குக்கு மேல.

அவோயாகி கணக்குப்படி தோல் துடிக்காது, அதனால கழிஞ்சுபோகணும். காகிதத்தில் சரி. ஆனா ஒளி நேர்கோட்டில் போறதில்லை, சிதறுது. அதனால கம்பெனிகள் கணக்கை மட்டும் நம்பாம, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைக் குறைச்சு, அவங்க ரத்தத்தோட ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயார் பண்ணி அதைக் கருவிக்குள்ள வைப்பாங்க. நம்ம விரலைப் பார்த்துக் கருவி சொல்ற எண், அந்தத் தன்னார்வலர்களோட விரலை வச்சு எழுதின எண். 2013-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கொடுத்த வழிகாட்டலில் சோதனைக்குக் குறைந்தது 10 பேர் போதும். அதில் கறுத்த தோல் உடையவர் ரெண்டு பேர், அல்லது 15 சதவீதம் இருந்தா சரி. 2025 ஜனவரியில்தான் 150 பேர் அல்லது அதுக்கு மேல வேணும், பல தோல் நிறங்கள் வேணும்னு வரைவு போட்டாங்க.

இந்த ஆய்வுகள் நம்ம ஊர்க்காரங்களை வச்சு நடந்ததில்லை. ஆனா ஒளிக்கு நாடு தெரியாது, நிறம்தான் தெரியும். நம்ம மலையில் வயல்வெளியிலும் மிளகுத் தோட்டத்திலும் வெயிலில் நிக்கிற ஆட்களோட விரல் என்ன நிறம்னு உங்களுக்கே தெரியும். எஃப்.டி.ஏ.வே 2021 பிப்ரவரியில் சொன்னது, 90 காட்டினா உண்மை 86 முதல் 94 வரை எங்கேயும் இருக்கலாம். நகரத்தில் இந்தச் சந்தேகத்தை அரை மணி நேரத்தில் ரத்தம் எடுத்துத் தீர்த்துடலாம். இங்கே 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். '94 இருக்கே, காலைல பாத்துக்கலாம்'னு ராத்திரி 11 மணிக்கு முடிவு பண்ற குடும்பத்துக்கு அந்த மூணு நாலு புள்ளி சின்ன விஷயம் இல்லை.

அதனால நான் சொல்றது: ஒற்றை எண்ணை நம்பாதீங்க, போக்கைப் பாருங்க. அம்மா நல்லா இருக்கும்போது அஞ்சாறு நாள் பார்த்து, அவங்களோட சொந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைங்க. 97-ல் இருந்தவங்க 93-க்கு வந்தா கிளம்புங்க. எப்பவும் 93-ல் இருக்குற பழைய நுரையீரல் நோயாளிக்கு 93 புதுச் செய்தி இல்லை. நெயில் பாலிஷ், கறுப்பு மருதாணி இல்லாத விரலில் பாருங்க. கைக்குழந்தைக்குப் பெரியவங்க கிளிப் பொருந்தாது. மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசுக்குள்ள 50, ஒண்ணிலிருந்து அஞ்சு வயசு வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆஸ்பத்திரி. இதுக்கு ஆஃபரே வேணாம், கடிகாரம் போதும்.

அந்த வாட்ச்? விரல் கிளிப்பில் ஒளி ஊடுருவிப் போகுது. மணிக்கட்டில் ஊடுருவ வழியில்லை, பட்டுத் திரும்பி வர்ற ஒளியை வச்சுக் கணக்கு. அங்கே துடிப்பும் பலவீனம். 2020-ல் ஆப்பிள், 2021-ல் ஷாவ்மி பேண்ட் 6-னு வரிசையா இந்த வசதி வந்தது. ஆப்பிளே 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல'ன்னு எழுதித்தான் விற்குது. மாசிமோ கம்பெனியோட காப்புரிமை வழக்கால 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் அந்த வசதியை அணைச்சு வச்சு விற்க வேண்டி வந்து, 2025 ஆகஸ்டில்தான் மாத்தி அமைச்சுத் திருப்பிக் கொடுத்தாங்க. அவ்வளவு பெரிய கம்பெனி அப்படி எழுதுற இடத்தில், 1,299 ரூபாய் வாட்ச் மேல அம்மாவோட மூச்சை வைக்காதீங்க. நடை எண்ணவும் போன் வந்தா அதிரவும் வாங்கிக்கோங்க, தப்பில்லை.

பெட்டியில் பார்க்க வேண்டியது: இந்தியாவில் மருத்துவக் கருவிகள் எல்லாமே 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. உரிமம் படிப்படியா கட்டாயமாகி, 2023 அக்டோபரோட எல்லா வகுப்புக்கும் முடிஞ்சது. அதனால பெட்டியில் தயாரிப்பு உரிம எண் இருக்கணும், இறக்குமதின்னா இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கணும். 4.3 ஸ்டார், 12,000 ரிவ்யூ எல்லாம் பார்சல் சீக்கிரம் வந்துச்சா, பெட்டி நசுங்காம இருந்துச்சாங்கிறதைத்தான் சொல்லும். ரிவ்யூ எழுதினவர் யாரும் தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலை. துடிப்பு அலை ஓடுற மாதிரி திரை இருந்தா நல்லது. அலை சீரா ஓடாதப்போ வர்ற எண்ணைக் கணக்கில் எடுக்காதீங்க.

இந்தக் கருவி நல்ல எண் காட்டிக்கிட்டே கைவிடுற இடங்கள் மூணு. குளிருக்குக் கதவைச் சாத்திட்டுக் கரி மூட்டம் போட்டுத் தூங்கி, தலைவலி, வாந்தி, மயக்கத்தோட வர்றவங்களுக்கு ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். ரெண்டு நிறக் கருவிக்கு அது ஆக்சிஜன் மாதிரியே தெரியும், 99 காட்டும். ஹீமோகுளோபின் 5-ல் இருக்குற கர்ப்பிணிக்கும் 99 காட்டும். இருக்குற கொஞ்ச ரத்தம் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தமே தவிர, ரத்தம் இருக்குன்னு அர்த்தமில்லை.

மூணாவது கட்டுவிரியன். ராத்திரி தரையில் படுத்தவங்களைக் கடிக்கும், வலியும் வீக்கமும் பெருசா இருக்காது. இமை தொங்குது, விழுங்க முடியலை, பேச்சு குழறுது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியலைன்னா மூச்சுத் தசையும் பின்னாடியே படுக்கப்போகுது. ஆனா கிளிப்பில் எண் கடைசி நிமிஷத்தில்தான் விழும். அப்போ 98 காட்டுதுன்னு வீட்டில் உட்காராதீங்க, 108-க்குப் போன் போட்டு வண்டியை வரச்சொல்லுங்க.

வாங்கப்போற கருவியோட பெட்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க. உரிம எண் இருக்கான்னு டியூட்டி முடிஞ்சு பார்த்துச் சொல்றேன்.